97 நாள்

பெரியம்மா மார்பில் கட்டி இருப்பதாக டாக்டரிடம் காட்டியது பங்குனி கடைசியில். என்ன வகைப் புற்றுநோய் என்ற முழு ரிப்போர்ட் கைக்கு வந்தபோது ஆனி முடிந்திருந்தது. ஃபைலை மடியில் வைத்து எண்ணினேன். 97 நாள். மேமோகிராமுக்கே இருபது நாள் காத்திருந்தோம். முதல் பயாப்ஸியில் சதை போதவில்லை என்று மறுபடி எடுத்தார்கள்.

அந்த இரண்டாவது முறை, சனிக்கிழமை சாயங்காலம், சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை கேரி பேக்கில் போட்டு என் கையில் கொடுத்து, "வெளியே லேபில் கொடுத்துடுங்கம்மா" என்றார் நர்ஸ். போனால் லேப் பூட்டியிருந்தது. திங்கள் காலை வரை டப்பா எங்கள் வீட்டு அலமாரி மேல் இருந்தது. மூடியில் பெயர், வயது, வார்டு எல்லாம் இருந்தது. எடுத்த நேரம் மட்டும் இல்லை.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எடுத்த சதை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். தவறினால் ஹார்மோன் சோதனையும், ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகமா என்று பார்க்கும் சோதனையும் பிசகலாம். பெரியம்மாவுக்கு டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை வேண்டுமா, ஹெர்2 ஊசி வேண்டுமா என்பதெல்லாம் அந்தச் சோதனைகளை வைத்துத்தான் முடிவாகிறது. எழுதாத நேரத்தை யார் சரிபார்ப்பது?

ஆஸ்பத்திரி விளம்பரத்தில் புது மெஷின் படம் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு எண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம் மூன்றைச் சொல்கிறது: 60 சதவீதம் பேருக்காவது முதல் இரண்டு நிலைகளிலேயே நோய் தெரிய வேண்டும், டாக்டரிடம் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் இதில் தன் கணக்கை வாசலில் ஒட்டட்டும்.

"எத்தனை பேர் பிழைத்தார்கள்" என்று மட்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. முற்றிய நிலையில் வருபவர்களையும் திருப்பி அனுப்பாமல் சேர்க்கும் அரசு ஆஸ்பத்திரி அந்தக் கணக்கில் மோசமாகத் தெரியும். ஆரம்ப நிலையில் வருபவர்களையே அதிகம் பார்க்கும் இடம் பிரமாதமாகத் தெரியும். நிலைவாரியாகப் பிரித்துச் சொன்னால்தான் நியாயம். கணக்கு வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1980களிலிருந்தே நடக்கிறது.

கீமோ வார்டில் பெரியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா உட்காருவார். பூக்கட்டும் வேலை. வரும் வழியில் வாங்கிய சாத்துக்குடியைப் பாதி உரித்துப் பெரியம்மாவுக்குக் கொடுப்பார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவர் வரவில்லை. நர்ஸிடம் கேட்டேன். நோட்டைப் புரட்டி, "வரலை" என்று எழுதியிருந்ததைக் காட்டினார். யாராவது போன் செய்தார்களா என்று கேட்டேன். அதற்கென்று ஆள் கிடையாது என்றார். அந்த 80 சதவீதத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் இப்படிப்பட்டவரைத் தேடிப் போன் செய்ய ஒரு ஆளைப் போட்டே ஆக வேண்டும். அதற்காகவே இந்தக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி என்றால், டப்பா மேல் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுதும் வரை அங்கேயே நில்லுங்கள்.