பொம்மை வாங்கி வருகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

கட்டி வைத்த சாக்கைப் பிரிக்கிறவர்களை என்ன செய்யலாம், சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகப் பறிகொடுத்துப் பொம்மைகளைத் தரம் பிரித்தேன். துடைக்க வேண்டியதைத் துடைத்தேன், கழுவ வேண்டியதைக் கழுவி மாடியில் காயவைத்தேன். அங்கன்வாடிக்கு ஒரு சாக்கு, தூக்கிப் போட ஒரு சாக்கு என்று கட்டி வாசல் பக்கம் வைத்தேன். ராத்திரி படுக்கப் போகும்போது இரண்டு சாக்கும் காலி. அத்தனையும் ஹாலில் கிடக்கிறது. கூடவே புதிதாக ஒரு பெட்டி நிறைய மீன்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

இந்த வேலையைச் செய்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "பொம்மையை எடுத்து வைக்க ஒரு நாளா?" என்று கேட்ட என் வீட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். அது எடுத்து வைக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது இருக்கலாமா போகலாமா என்று முடிவு செய்கிற வேலை. படம் சேர்க்கிற புதிரில் ஒரு துண்டு குறைகிறது. அது சோபாவுக்கு அடியில் இருக்கிறதா, குப்பையோடு போய்விட்டதா என்று தெரிந்தால்தான் மிச்சத் துண்டுகளை வைப்பதா எறிவதா என்றே சொல்ல முடியும். சொப்பு சாமானில் அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, குக்கர் மூடி இல்லை. காருக்கு மூன்று சக்கரம். பாடுகிற நாயின் வயிற்றைத் திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடியாக இருக்கிறது. ஸ்கெட்ச் பேனா ஒவ்வொன்றையும் காகிதத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். இத்தனையையும் செய்துகொண்டிருக்கும்போது இரண்டரை வயது மகன் பின்னாலேயே வந்து பிரித்ததைக் கலைப்பான்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை மகளிடம் சம்மதம் வாங்குவது. ஆறு வயது அவளுக்கு. தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்துப் போடுவது எனக்குப் பிடிக்காது, அது அவளுடைய பொருள். அதனால் உட்கார்ந்து பேசினேன். "இது உனக்கு வேணுமா, பால்வாடிப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?" ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன கதையைக் கேட்டேன். கடைசியில் அவளே நல்ல பொம்மை ஒன்றை எடுத்து, தலையைச் சீவிவிட்டு, சாக்கில் போட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற காரியம் இல்லை அது. அந்த மனசு வந்ததற்காகவே நாள் முழுக்கத் தரையில் உட்காரலாம்.

அப்போதுதான் காலிங் பெல்.

என் கொழுந்தன். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் என் மகன் உயரத்துக்கு ஒரு பெட்டி. "அண்ணி, பசங்களுக்குச் சும்மா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்." சும்மாவா? அந்தச் சும்மாவைத் தினமும் பொறுக்கப் போவது யார்? ஹாலுக்கு நடுவில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். "அண்ணி, கத்திரிக்கோல் எங்கே?" கொடுத்தேன். வெளியே அட்டை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதற்குப் பின்னால் முறுக்குக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் முறுக்கு எடுத்து அப்படியே தரையில் போட்டார். "அண்ணி, ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர் இருக்கா?" கொடுத்தேன். "அண்ணி, பென்சில் பேட்டரி?" இல்லை என்றேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதில் இருந்ததை எடுத்தார். போதவில்லை. டிவி ரிமோட்டிலிருந்தும் எடுத்தார். என் வீட்டுக் கடிகாரம் நின்றது, மீன் குளம் சுற்ற ஆரம்பித்தது.

மீன் பிடிக்கிற விளையாட்டு அது. வட்டமாகச் சுற்றுகிற குளம், வாயைத் திறந்து மூடுகிற மீன்கள், நுனியில் காந்தம் வைத்த தூண்டில்கள். ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. சத்தத்தைக் குறைக்க வழியே இல்லை. நிறுத்தினால் சின்னவன் அழுகிறான், ஓடவிட்டால் எனக்கு மண்டை வெடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் மீன்கள் குளத்தில் இல்லை. சோபா இடுக்கில், செருப்பு ஸ்டாண்டில், ஒன்று தண்ணீர்க் குடத்தில். தூண்டில் நுனி என் மகன் வாயில்.

பாய்ந்து பிடுங்கினேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வயதுக்கு மேல் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினேன், எங்கேயும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் விற்கிற பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு உள்ளவற்றுக்கும்தான் விலக்கு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் கழன்று வருகிற எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிடக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் தொண்டையை நினைத்து வைத்த கணக்கு அது. இந்த மீன் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவுதான். காந்தம் இன்னும் மோசம். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "எல்லார் வீட்டுலயும் இதை வெச்சுத்தானே விளையாடுறாங்க அண்ணி." தோசை சாப்பிட்டார், கிளம்பிப் போனார். முறுக்குக் கம்பி இன்னும் தரையில்.

நான் தோசை சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை சாக்கைப் பிரித்துவிட்டார். "ஏம்மா, இந்தக் கரடி நல்லாத்தானே இருக்கு? என் தங்கச்சி வாங்கிக் கொடுத்ததாச்சே." ஒரு கரடியோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, யார் எப்போது கொடுத்தது என்று சொல்லிச் சொல்லி வரிசையாக வைத்தார். குப்பைச் சாக்கையும் விடவில்லை. மூன்று சக்கரக் கார்கூட வெளியே வந்தது, "சக்கரம் எங்கேயாவது கிடைக்கும்" என்று. மகள் பார்த்தாள். ஒரு வருடமாகத் திரும்பிப் பார்க்காத கரடியைக் கட்டிக்கொண்டு, "என் கரடியை ஏம்மா போடுறே?" என்று என்னைக் கேட்டு அழுதாள். தன் கையால் தலை சீவிப் போட்ட பொம்மையையும் எடுத்துக்கொண்டாள். பிற்பகல் முழுவதும் பேசிப் பேசி வரவழைத்த மனசு அந்த இடத்திலேயே போயிற்று. வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "விடேன், பிள்ளைங்கதானே" என்றார்.

எதை விடுவது? நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, செட்டியாரையும் செட்டிச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டியை மூடிப் பரணில் ஏற்றுகிறார் அத்தை. அடுத்த புரட்டாசி வரை அந்தப் பெட்டிப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். நானும் போக மாட்டேன், அது அவர் அடுக்கியது. நான் கட்டிய சாக்குக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

இனி "பெட்டி வாங்கி லேபிள் ஒட்டி அடுக்கு" என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். பெட்டி வாங்கினேன், ஒட்டினேன். பெட்டிகளை வைக்க இடமில்லை என்று அலமாரி வாங்கினேன். பொம்மை வந்து சேர்வதை நிறுத்தாமல் அடுக்கச் சொல்வது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கச் சொல்கிற மாதிரி. பிறந்தநாளுக்குப் பொம்மை, ஊரிலிருந்து வந்தால் பொம்மை, திருவிழாவுக்குப் போனால் பொம்மை, தடுப்பூசி போட்டு அழுதால் பொம்மை.

அப்புறம் இந்த ரிட்டர்ன் கிஃப்ட். கேக் சாப்பிடப் போன பிள்ளை கையில் ஒரு பை கொடுத்து அனுப்புகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பாயில் ஒட்டினால் பிய்க்கவே முடியாத ஸ்லைம். ஒரு ஊதல். வெளிச்சம் அடிக்கிற வாட்ச். அந்த வாட்ச்சின் மூடிக்கு ஸ்க்ரூகூட இல்லை, நகத்தால் தள்ளினால் பட்டன் செல் வெளியே வருகிறது. லித்தியம் பட்டன் செல் ஒன்று குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளேயே மோசமாகப் புண்ணாக்கிவிடும். அதைப் போய்ப் பரிசு என்று கொடுக்கிறோம். பதிலுக்கு நானும் ஒரு பை கொடுக்க வேண்டும். தெருவில் உள்ள எல்லா வீட்டுக் குப்பையும் எல்லா வீட்டுக்கும் போய் வருகிறது, யாருக்கும் வேண்டாம், யாரும் நிறுத்துவதில்லை.

"பொம்மை இல்லேன்னா பிள்ளைங்க ஏங்கிப் போயிடும்" என்பார்கள். ஏங்காது. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2018இல் ஆய்விதழில் வந்தது. ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16 பொம்மை. நான்கே இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், விதவிதமாக விளையாடினார்கள். என் வீட்டிலேயே பார்க்கிறேன். பொம்மை குவிந்து கிடக்கிற நாளில் இரண்டும் எதையும் தொடாமல் "போர் அடிக்குது" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும். ஒரு தோசைக்கரண்டியும் இரண்டு கிண்ணமும் கிடைத்த நாளில் சமையலறை வாசலில் மணிக்கணக்கில் கடை நடத்தும்.

சரி, போட்டுவிடலாம் என்றால் போடுவதற்கும் வழி இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர் குடம், பக்கெட் எடுப்பார், பொம்மை வேண்டாம் என்கிறார். ஒரே பொம்மையில் பல வகைப் பிளாஸ்டிக், உள்ளே ஸ்க்ரூ, ஒயர், மோட்டார். யார் உட்கார்ந்து பிரிப்பது? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் மின்சார ரயில், ரேஸ் கார் வகைப் பொம்மைகளும் சேர்ந்திருக்கின்றன. விதி இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள என் தெருவுக்கு ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை. அங்கன்வாடிக்கு உடைந்ததைக் கொடுக்க மனசு வராது. ஏழைப் பிள்ளை என்றால் மூடி இல்லாத குக்கர் போதுமா?

என் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வெறுங்கையோடு வாருங்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு சீப்பு வாழைப்பழம் போதும், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். பாசம் பொங்குகிறதா, இரண்டு பேரையும் கையைப் பிடித்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கீழே கிடக்கிற மீன்களைப் பொறுக்கிவிடுவேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அண்ணியை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. நாளைக் காலை எல்லாப் பிள்ளைகளும் சூரியக் குடும்ப மாடல் கொண்டுவர வேண்டுமாம். அனுப்பிய நேரம் இரவு ஒன்பதரை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எந்தக் கையால் தெர்மாகோலை அறுக்கும்? நாளைக்கு மதிப்பெண் போட்டு முடித்ததும் அது எங்கே வரும்? இங்கேதான் வரும். போன தடவை செய்த எரிமலையையே "டீச்சர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்று தூக்கிப் போட விடாமல் பீரோ மேல் வைத்திருக்கிறாள். சனிக் கோளுக்கு வளையம் வேறு வைக்க வேண்டுமாம். இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?