ஒரே மூச்சில் இரண்டு சொற்கள்

போன வாரம் மதுரை செல்லூரில் தெருமுனைக் கூட்டம். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாக் கட்சியும் இதையேதான் பேசுகிறது. "கஞ்சாவும் வெடிகுண்டும் ஒன்றுதான், இரண்டுமே தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்" என்று முழங்கினார் பேச்சாளர். ஒலிபெருக்கி கிழிந்தது. நல்ல கைதட்டல்.

என் பக்கத்தில் நின்ற தறிக்கார அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. அவருடைய மகன் இரண்டு பொட்டலத்தோடு பிடிபட்டு உள்ளே இருக்கிறான். "தம்பி, என் பையன் குண்டா வைத்தான்?" என்றார் மெதுவாக.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குக்கூட அந்த நிதானம் இருக்கிறது. கஞ்சா ஒரு கிலோவுக்குள் என்றால் சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. மேடைக்குத்தான் தராசு கிடையாது.

இந்தப் பேச்சு நம் ஊரில் முளைத்ததும் அல்ல. 1971இல் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்றார் அமெரிக்க அதிபர் நிக்சன். 1986இல் அங்கே அதிபராக இருந்த ரீகன் போதைக் கடத்தலைத் தேசப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே அறிவித்தார். நாம் இரவல் வாங்கி மைக் கட்டிப் பேசுகிறோம்.

கடத்தல்காரனைக் கொஞ்சச் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் முந்த்ரா துறைமுகத்தில், டால்க் கல் என்று சொல்லி ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கன்டெய்னர்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. தேசியப் புலனாய்வு முகமை அதை விசாரித்தது நியாயம். அந்தக் கன்டெய்னருக்கும் செல்லூர்ச் சந்துப் பொட்டலத்துக்கும் ஒரே பெயர் வைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

பயங்கரவாதம் என்ற சொல் எங்கெல்லாம் போய் ஒட்டும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2002 ஜூனில் திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ மீது பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது என்பது தனிக் கூத்து.

போதைக்கு அடிமையானவன் சிறு அளவோடு பிடிபட்டாலும், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அந்தப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நான் சொன்னேன். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது, "ஜாமீனுக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறது. உன் வீட்டு வரி ரசீது கையில் இருக்குமா தம்பி?" என்றார்.