சோறு வைப்பவர்கள் கூண்டும் வைத்திருக்க வேண்டும்

நேற்றுக் காலை பின்வாசல் படியில் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. பச்சை உடம்பு, முதுகெல்லாம் சிவப்புப் புள்ளி, நீல வால். கொண்டுவந்து போட்டது நான் தினமும் சோறு வைக்கிற தெருப்பூனை. அரைமணி நேரம் முன்புதான் சார்டின் பிசைந்த சோற்றைத் தட்டு பளபளக்க நக்கிவிட்டுப் போயிருந்தது.

அந்தப் பல்லி மொரீசியஸுக்கே சொந்தமானது. ரூசியா என்ற காட்டுச் செடிக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான். வௌவாலைத் தவிரப் பாலூட்டி எதுவும் இல்லாதிருந்த தீவு இது. பூனை, எலி, கீரி, குரங்கு எல்லாம் மனிதர்களோடு கப்பலில் வந்தவை. இங்குள்ள பறவைக்கும் பல்லிக்கும் பூனையைக் கண்டு ஓடவே தெரியாது.

"வயிறு நிறைஞ்சா வேட்டைக்குப் போகாதும்மா" என்பார் எதிர்வீட்டு அக்கா. நானும் நம்பினேன். காவடி விரதம் பத்து நாளும் வீட்டில் மீன் கிடையாது, பூனைக்குத் தயிர்ச்சோறுதான். மீன் வைத்த நாளிலும் வைக்காத நாளிலும் படியில் ஏதாவது செத்துக் கிடந்தது. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு.

நாம் வைக்கிற சோற்றால் குட்டிகள் நிறையப் பிழைக்கின்றன. சினை இரண்டே மாதம். பிறந்த குட்டி ஆறு மாதத்துக்குள் தானே சினையாகிவிடும். இரண்டு பூனைக்கு வைக்க ஆரம்பித்தேன், அடுத்த வருஷம் பதினொன்று. பிறகுதான் கூண்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டி விட்டேன். இப்போது ஐந்து இருக்கின்றன. புதுக் குட்டி இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். மூன்று வாரம் முன்பு கிராந்த் பாசென் ஏரிக்குப் போகும் வழியில், பெத்ரேன் பக்கம் காட்டோரமாக ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று குட்டிகள், ஒரு கிண்ணம் சோறு. பாசமாக வளர்த்தவர்தான் விட்டிருக்கிறார், 'காட்டில் பிழைத்துக்கொள்ளும்' என்று. மொரீசியஸுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறா வாழ்கிற இடம் அது! 1990 வாக்கில் காட்டில் பத்து புறாதான் மிஞ்சியிருந்தன. எத்தனையோ பேர் பாடுபட்டு இன்று சில நூறாக்கியிருக்கிறார்கள். அது தரையில் இறங்கி இரை பொறுக்கும் பறவை. ஒரு பூனை போதும். மாஹேபூர் கடலோரம் உள்ள ஈல் ஓஸெக்ரெத் தீவில் பூனையையும் எலியையும் ஒழித்த பிறகுதான் அந்தப் புறாவைக் கொண்டுபோய் விட முடிந்தது.

காட்டுக்குள் கூண்டு வைத்துப் பூனை பிடிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன். ஜீவகாருண்யம் என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்களைக் கேட்கிறேன்: புறாவும் ஜீவன்தானே?

அட்டைப்பெட்டியில் இருந்த மூன்று குட்டிகளில் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. கறுப்புக்குட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வளர்க்க விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பூனை பிடிக்கக் கூண்டு வேண்டுமென்றாலும் கேளுங்கள், இந்த வாரம் சும்மாதான் கிடக்கிறது.