குரூப்ல போட்டாச்சு

முருகேசன்: பெரிம்மா, மிளகுக்கொடி வாடுதுன்னு நேத்தே குரூப்ல போட்டுட்டேன்.

பெரியம்மா: குரூப்ல எதுக்குடா போட்டே? வேர்ல இல்ல போடணும்!

முருகேசன்: மருந்தில்ல பெரிம்மா, போட்டோ. வாட்ஸ்அப்ல 1024 பேரு இருக்காங்க. அதுக்கு மேல ஒரு ஆளக்கூடச் சேக்க முடியாது.

பெரியம்மா: அத்தன பேரும் என்ன சொன்னாங்க?

முருகேசன்: அறுபது குட் மார்னிங் வந்திருக்கு.

பெரியம்மா: கொடிக்கா?

முருகேசன்: பொதுவா. ஒருத்தர் ரோசாப்பூ அனுப்பியிருக்காரு.

பெரியம்மா: சரிதான். செத்த கொடிக்கு மாலை.

(ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு கொடி ஏறுகிறது. கொடிக்கு ஒரு குரூப் இருக்கிறது.)

பெரியம்மா: ஏன்டா, வேலிக்கு இந்தாண்டதானே இருக்கேன். ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?

முருகேசன்: நீங்க குரூப்ல இல்லீங்களே!

பெரியம்மா: தண்ணி தேங்குது பாரு, முதல்ல அத வடிய விடு. அப்புறம் போர்டோ கலவை, பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து. மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட்டு, 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி மொத்தம் 100 லிட்டர். துத்தத் தண்ணியத்தான் சுண்ணாம்புத் தண்ணியில ஊத்தணும். மாத்தி ஊத்திராத.

முருகேசன்: இருங்க இருங்க, ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு! இரும்புப் பாத்திரம் ஆகாதாம், பிளாஸ்டிக் டிரம்முல கரைக்கணுமாம். கத்திய முக்கிப் பாக்கணுமாம், செவப்பு ஏறுனா சுண்ணாம்பு பத்தலையாம். என்னா மூளை பெரிம்மா!

பெரியம்மா: அந்த மூளை கையில பச்சைக் கண்ணாடி வளையல் இருக்கா?

முருகேசன்: ஆமா...

பெரியம்மா: கத்திப் பிடியில துணி சுத்தியிருக்கா?

முருகேசன்: ஆமா, எப்படி...

பெரியம்மா: எரவல் வாங்கிட்டுப் போயி பிடிய ஒடச்சவன் நீதானே! அந்த வீடியோவ போன வருசம் எம் பேத்தி எடுத்தா.

முருகேசன்: பெரிம்மா, இந்தச் சேனல நான் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கேன்!

பெரியம்மா: பத்து வருசமா இதத்தான் வேலியோரம் நின்னு கத்துறேன். அப்பெல்லாம் காது கேக்கல. 2020ல பள்ளிக்கூடம் மூடுனப்ப, சிக்னலுக்காகப் பாறை மேல ஏறி உக்காந்து படிச்ச புள்ளடா அவ. அதே போனுதான் உங்கிட்டயும் இருக்கு. நீ ரோசாப்பூவ எண்ணிக்கிட்டிரு.

முருகேசன்: கோவிச்சுக்காதீங்க. வீடியோ அனுப்புனவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துர்றேன்.

பெரியம்மா: செஞ்சவ இங்க நிக்கிறேன்.

முருகேசன்: உங்களுக்கும் சேத்து கட்டைவிரல் போட்டுட்டேன் பெரிம்மா.