ஜிஆர்எஸ் லேபிள் என்றால் 100% மறுசுழற்சி என்று அர்த்தமில்லை

ஜிஆர்எஸ் (Global Recycled Standard) என்பது துணியில் மறுசுழற்சிப் பொருள் இருப்பதற்கான ஒரு சான்றுத் தரநிலை. "ஜிஆர்எஸ் லேபிள் இருந்தால் அந்தத் துணி முழுக்கப் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து வந்தது, ஆய்வகத்தில் சோதித்துத்தான் தருகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் ஜிஆர்எஸ் தரநிலையில், 20% மறுசுழற்சிப் பொருள் இருந்தாலே சான்றிதழ் வாங்கலாம். துணியில் லேபிள் போடத்தான் 50% வேண்டும். அதே அமைப்பின் இன்னொரு தரநிலையான ஆர்சிஎஸ் (Recycled Claim Standard) லேபிளுக்கோ 5% போதும். அதனால் லேபிளில் அச்சாகியிருக்கும் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பாட்டில் மட்டும்தான் என்பதும் இல்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாகக் கிழித்து, மறுபடி நூலாக்குகிறார்கள். சிவப்புத் துண்டில் சிவப்பு நூலே வருவதால் பல நேரம் சாயமே தேவைப்படாது. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். யாரும் உடுத்தாத அந்த வெட்டுத்துண்டும் தரநிலைப்படி மறுசுழற்சிப் பொருள்தான்.

அப்புறம் சோதனை. முடிந்த துணியைப் பார்த்து, இது பாட்டிலில் இருந்து வந்த பாலியஸ்டரா புதியதா என்று ஆய்வகத்தில் உறுதியாகச் சொல்வது கடினம். அதனால்தான் எல்லாம் கணக்கில் நடக்கிறது. ஆலைக்கு எத்தனை கிலோ வந்தது, கழிவு போக எத்தனை கிலோ வெளியே போனது என்று தணிக்கையாளர் ஒப்பிடுவார். கைமாறும் சரக்குக்குப் பரிவர்த்தனைச் சான்றிதழ் உண்டு. ஆலையின் ஸ்கோப் சான்றிதழை மட்டும் காட்டினால், அந்த ஆலைக்குத் தகுதி உண்டு என்றுதான் பொருள். உங்கள் கையில் இருக்கும் சரக்குக்கு அது சாட்சி ஆகாது.