சாமுராய்களும் துப்பாக்கியும்

"துப்பாக்கி கோழைகளின் ஆயுதம் என்று ஒதுக்கிவிட்டு, சாமுராய்கள் கடைசி வரை வாளோடு மட்டுமே போரிட்டார்கள்" என்று ஜப்பானின் பழைய போர்வீரர் வகுப்பான சாமுராய்களைப் பற்றிச் சொல்லப்படுவது சரியல்ல. 1543இல் ஜப்பானின் தனெகாஷிமா தீவுக்கு வந்த போர்த்துகீசியரிடம் அத்தீவின் தலைவர் தொகிதகா துப்பாக்கிகளை விலைக்கு வாங்கினார். உள்ளூர்க் கொல்லர்கள் அதைப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் சகாய், குனிதொமோ ஊர்களில் அதுவே பெரிய தொழிலானது. 1575இல் நாகஷினோ போரில் தகேதா குலத்தின் படை தோற்றதில், எதிர்த்தரப்புப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிப் படைக்குப் பெரிய பங்கு உண்டு. சுட்டவர்களில் பலர் அஷிகாரு எனும் சாதாரணக் காலாட்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களை நடத்தியவர்கள் சாமுராய்களே. 1877இல் அரசை எதிர்த்து எழுந்த, சாமுராய் தலைவர் சைகோ தகாமோரியின் சத்சுமா பகுதிக் கிளர்ச்சியாளர்கள்கூட துப்பாக்கி, பீரங்கிகளோடுதான் கிளம்பினார்கள். தோட்டாக்கள் தீரத் தீரத்தான் வாளை அதிகம் நம்ப வேண்டியதாயிற்று.