ரகுநாதாச்சாரியின் பெரிய காரியம் எது?

சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றிப் பேசுகிறவர்கள், நவீன காலத்தில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்த முதல் இந்தியர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெருமை உண்மையானதே. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அதுவன்று என்பது என் கருத்து.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, அரசு வானியலாளர் நார்மன் போக்சனின் முதல் உதவியாளராக உயர்ந்தவர் அவர். 1867இல் அவர் கண்டறிந்த ஆர் ரெட்டிக்குலி என்னும் விண்மீன், சென்னையில் உச்சத்துக்கு வரும்போதும் தென் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகைதான் எழும். ஐரோப்பாவிலிருந்து அதைப் பார்க்கவே இயலாது. சுமார் 278 நாள்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் அதன் போக்கு, விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் சலிக்காமல் அளந்து குறித்துவந்தவரின் கண்ணுக்கே சிக்கியிருக்கும். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இத்தனைக்கும் நடுவே அவர் பஞ்சாங்கத்தைத் திருத்த முனைந்தார். நூற்றாண்டுகளுக்கு முந்தைய வாய்பாடுகளைக் கொண்டு கணித்த கோள் நிலைகள், வானில் காணும் நிலைகளிலிருந்து விலகிப் போயிருந்ததைத் தொலைநோக்கி வழியே தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டியதெல்லாம் அறிவியலாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. திருமணத்துக்கும் திதிக்கும் விரதத்துக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டிய ஒரு சமூகத்திடம், அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லியிருந்தால் யார் காதுகொடுத்திருப்பார்கள்? வானாய்வகத்தின் அளவீடுகளை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுபோவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அவர் தொடங்கிய விவாதம் இன்னும் தீரவில்லை என்பது வேறு கதை: கும்பத்துக்குச் சனி பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. கோயில்களில் கூட்டம் இரண்டாவது தேதிக்குத்தான்!

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்வை விளக்கிச் சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தோடு நில்லாமல் கன்னடம், உருது போன்ற மொழிகளிலும் கிடைக்கச் செய்தார். லண்டனில் உறுப்பினராகிவிட்ட ஒருவருக்கு அது தேவைப்படாத உழைப்பு. 1880இல் அவர் இறந்தார். வானியல் வரலாற்று நூல்கள் அவருக்கு அந்த விண்மீனின் பெயரால் ஒரு வரி ஒதுக்குகின்றன. நானாக இருந்தால் அந்த வரியை 1874ஆம் ஆண்டுச் சிறுநூலுக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் பின்னால்தான் வைப்பேன்.